மெட்ரிக்குக்குப் பின், பல்கலைக்கழகத்துக்கு முன்: புத்தகம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் நான். எங்கள் வீட்டு கராஜில் கார் கிடையாது. நான்கு அலமாரிகள் இருக்கின்றன. மெட்ரிக் என்று இங்கே சொல்லும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த பிள்ளைகள் டிசம்பர் பிறந்ததும் வந்துவிடுவார்கள், சாலையோரத்தில் லிச்சி விற்பவர்கள் கடை விரிக்கும் அதே வாரத்தில். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவார்கள், சந்தேகத்தோடு திரும்பி வருவார்கள். முகங்கள் மாறுகின்றன, சந்தேகங்கள் மாறுவதில்லை. எழுதி வைத்துவிட்டால் தொண்டையாவது மிஞ்சும் என்று இதை எழுதுகிறேன்.

பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கேட்கப்பட்ட கேள்விகள். தமிழாக்கியது மட்டும்தான் என் வேலை. ஏன் தமிழில் என்றால், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு இது வாசிப்புப் பயிற்சியாகவும் இருக்கட்டும் என்றுதான். முனகாதீர்கள்.

கிளாசிக் என்றால் என்ன ஆன்ட்டி? பழைய புத்தகமெல்லாம் கிளாசிக்கா?

பழைய டெலிபோன் டைரக்டரியும் பழைய புத்தகம்தான். எழுதியவனுடைய ஊர் அழிந்து, அவன் கும்பிட்ட சாமி மறைந்து, அவன் பேசிய மொழி மாறிப்போன பிறகும், யாராவது இரண்டு பேர் அந்த நூலை நடுவில் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது கிளாசிக். இது என் வரையறை. பேராசிரியர்களிடம் இதைவிட மரியாதையான வரையறைகள் கிடைக்கும்.

ஒரு குழப்பத்தை மட்டும் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் ‘கிளாசிக்ஸ்’ என்று துறைப் பெயராகச் சொன்னால், அது கிரேக்கமும் லத்தீனும். குறளையும் சிலம்பையும் அங்கே தேடினால் கிடைக்காது. என் கராஜில் எல்லாம் ஒரே அலமாரி.

தேர்வு முடிந்துவிட்டது. பிப்ரவரி வரைக்கும் என்ன படிக்கலாம்? ஒரு பட்டியல் தாருங்கள்.

தரமாட்டேன். ஒருமுறை இருபது புத்தகங்களை எழுதிக் கொடுத்தேன். ஒரு பையன் ஜனவரிக் கடைசியில் இருபதையும் படித்து, ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டு வந்தான். எது பிடித்தது என்று கேட்டேன். பட்டியலைத் திரும்பிப் பார்த்தான். அன்றோடு பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

கைநீட்டிக் காட்டச் சொன்னால் மூன்றைக் காட்டுவேன். முதலாவது பழைய கிரேக்க நாடகக்காரர் சோஃபக்ளீஸ் எழுதிய ‘ஆன்டிகனி’. ஒரு மாலையில் முடிந்துவிடும் நாடகம். இரண்டாவது, கி.மு. 399-இல் ஏதென்ஸில் வழக்கு நடந்தபோது சாக்ரடீஸ் தம் பக்கத்தைச் சொன்னதாக பிளேட்டோ எழுதிய ‘அப்பாலஜி’. பெயரைப் பார்த்து மன்னிப்புக் கடிதம் என்று நினைக்காதீர்கள், மனிதர் மன்னிப்பே கேட்கவில்லை. அது பிடித்தால் ‘கிரீட்டோ’வையும் சேர்த்துக்கொள்ளலாம். சிறையில் நண்பர் வந்து தப்பிக்க வழி செய்திருக்கிறேன் என்கிறார், சாக்ரடீஸ் மறுக்கிறார். அவ்வளவுதான் கதை.

மூன்றாவது குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு. ஐந்தே அடி. உன் தாய் யார், என் தாய் யார், நம் தந்தையர் எந்த வகையில் உறவு என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழை மண்ணோடு கலந்ததுபோல நம் நெஞ்சு கலந்துவிட்டது என்று முடிகிறது. எழுதியவர் பெயர் தெரியாமல், அந்த உவமையையே அவருக்குப் பெயராக்கி, செம்புலப் பெயனீரார் என்கிறார்கள். டர்பனில் பெரியா மேட்டின் செம்மணலில் டிசம்பர் மழை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் உரை எழுத ஒன்றுமில்லை.

இதெல்லாம் படித்தால் ஏ.பி.எஸ். கூடுமா?

கூடாது. ஏ.பி.எஸ். என்கிற சேர்க்கைப் புள்ளிகளை உங்கள் மெட்ரிக் மதிப்பெண்களை வைத்துத்தான் போடுகிறார்கள். நீங்கள் டிசம்பரில் பிளேட்டோ படித்தீர்கள் என்பதற்கு எந்தப் பல்கலைக்கழகப் படிவத்திலும் கட்டம் இல்லை. அதுதான் இந்த இரண்டரை மாதத்தின் சிறப்பு. கிரேடு ஒன்றில் சேர்ந்த நாள் முதல், நீங்கள் படித்த எதையும் யாராவது திருத்தியிருக்கிறார்கள். இப்போது திருத்த ஆள் இல்லை. பிப்ரவரியில் மறுபடியும் வந்துவிடுவார்கள்.

புத்தகம் எல்லாம் விலை அதிகம். எங்கே கிடைக்கும்?

விலை அதிகம்தான். நம் நாட்டில் புத்தகத்துக்கும் 15 சதவீதம் வாட் வரி உண்டு. ஆனால் நாம் பேசுகிற நூல்களை எழுதியவர்கள் இறந்து நூற்றாண்டுகள் ஆகின்றன, காப்புரிமை கேட்க யாரும் இல்லை. ஆங்கிலத்தில் புராஜெக்ட் குட்டன்பர்க், தமிழில் மதுரைத் திட்டம், இரண்டிலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். மதுரைத் திட்டம் 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கியது. சங்கப் பாடல்கள் முதல் பாரதி வரை அங்கே இருக்கின்றன. திரையில் படித்தால் கண் எரிகிறது என்பவர்களுக்கு நகராட்சி நூலகம், பழைய புத்தகக் கடை, என் கராஜ்.

நூலகத்தில் புதிய நூல்கள் வருவதில்லை என்று குறைப்படுகிறீர்கள். சரிதான், நானும் குறைப்படுகிறேன். ஆனால் 1953-இல் வந்த சட்டம் பொது இடங்களையெல்லாம் நிறவாரியாகப் பிரித்து வைத்திருந்த நாட்டில் பிறந்தவள் நான். நல்ல நூலகம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் படியேற முடியாது. இப்போது நீங்கள் அட்டை வாங்காமல் இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியிலேயே ஷேக்ஸ்பியர் வெறுத்துப்போய்விட்டது. மறுபடியும் தொட வேண்டுமா?

வெறுக்க வைத்ததில் என்னைப்போன்ற ஆசிரியர்களுக்குப் பங்கு உண்டு. ஒரு காட்சியை வெட்டியெடுத்துக் கீழே ஐந்து கேள்விகள் வைத்து, இந்த உவமைக்கு இரண்டு மதிப்பெண், அந்த முரணுக்கு மூன்று என்று முப்பது ஆண்டுகள் செய்திருக்கிறேன். மீனை ருசிக்கச் சொல்லாமல் முள்ளை எண்ணச் சொன்னது போலத்தான்.

எதிர்மாறான ஒரு வகுப்பறையைச் சொல்கிறேன். டர்பன்காரர் சன்னி வெங்கடரத்னம், நிறவெறி ஆட்சியின் சிறையான ராபன் தீவில் கைதியாக இருந்தபோது அவரிடம் ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்று இருந்தது. காவலர்கள் பறிக்காமல் இருக்க, வீட்டிலிருந்து வந்த தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன்மேல் ஒட்டி, இது என் வேதப் புத்தகம் என்று சொல்லிவிட்டார். சாமி படத்தைப் பார்த்த காவலர்களும் நம்பினார்கள். பிறகு அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறிப் போனது. முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகள் தங்களுக்குப் பிடித்த வரிகளின் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். மண்டேலா ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், கோழை பலமுறை சாகிறான், வீரன் ஒருமுறைதான் என்று சீசர் சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். தேதி 1977 டிசம்பர் 16. நம்மவர் பில்லி நாயர் தேர்ந்தெடுத்தது ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் காலிபனை, இந்தத் தீவு என்னுடையது, என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய் என்று அவன் கத்தும் இடத்தை. தீவுச் சிறையில் உட்கார்ந்து அந்த வரியைப் பொறுக்கியெடுத்த மனிதருக்கு உவமை அணிக்கு இரண்டு மதிப்பெண் யாரும் போடவில்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு நாடகத்தை முதலிலிருந்து கடைசி வரை, புரியாத இடத்தில் நிற்காமல், முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். கையெழுத்துப் போடத் தோன்றுகிற ஒரு வரி வரும். வராவிட்டால் புத்தகத்தை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போங்கள்.

ஷேக்ஸ்பியரும் பிளேட்டோவும் வெள்ளைக்காரர் சரக்குதானே? நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் இங்கே ஒருவர் இந்த நூல்களைப் படித்தால்தான் எனக்குக் கவலை. ஆனால் ‘வெள்ளைக்காரர் சரக்கு’ என்பதை நம் ஊர் வரலாறே ஒத்துக்கொள்வதில்லை. நம் நாட்டுக் கறுப்பின எழுத்தாளர் சால் பிளாட்கே ஷேக்ஸ்பியரின் ‘காமெடி ஆஃப் எரர்ஸ்’ நாடகத்தை ட்ஸ்வானா மொழியில் பெயர்த்து வெளியிட்டது 1930-இல். தம் மொழி எதையும் தாங்கும் என்று காட்டவே அந்த வேலையை எடுத்தார். அதற்கும் முன்பு, 1908-இல், மேலே சொன்ன ‘அப்பாலஜி’யை காந்தி குஜராத்தியில் சுருக்கி, ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் தொடராக எழுதினார். சாக்ரடீஸுக்கு அவர் வைத்த பெயர் சத்திய வீரன். அந்த இதழ் அச்சானது டர்பனையொட்டிய ஃபீனிக்ஸில். இங்கிருந்து எவ்வளவு தூரம்?

‘ஆன்டிகனி’யை ராபன் தீவுக் கைதிகள் நடித்தபோது மண்டேலா போட்ட வேஷம் கொடுங்கோல் அரசன் கிரியோன். 1973-இல் அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கிய ‘தி ஐலண்ட்’ நாடகத்திலும் இரண்டு கைதிகள் இதே ‘ஆன்டிகனி’க்குத்தான் ஒத்திகை பார்க்கிறார்கள்.

இனி என் சொந்த ருசி. ‘ஆன்டிகனி’யை முடித்த மறுநாள் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படியுங்கள். இரண்டிலும் ஒரு பெண் அரசனுக்கு முன் தனியாக நிற்கிறாள், அநியாயம் என்கிறாள். கிரியோன் விடாப்பிடியாக நின்று, காலம் கடந்து மனம் மாறி, மகனையும் மனைவியையும் இழந்து, உயிரோடு மிஞ்சுகிறான். பாண்டியன் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அந்தக் கணத்தில் ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று சொல்லி விழுந்து சாகிறான். எது பெரிய தண்டனை? பத்து ஆண்டுகளாகக் கேட்கிறேன், கராஜில் இன்னும் தீர்ப்பாகவில்லை. நம் கோயில் விழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து ஆடுவதை, இங்கே சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர் விழுந்துவிட்ட அதைத்தான், பார்த்திருக்கிற பிள்ளைகளுக்கு கிரேக்க நாடகத்தின் பாட்டுக் குழு எதற்கு என்று நான் விளக்க வேண்டியிருந்ததே இல்லை.

எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். குறளையும் சிலம்பையும் ஆங்கிலத்தில் படித்தால் தப்பா?

தப்பில்லை. படிக்காமல் பெருமை மட்டும் பேசுவதுதான் தப்பு. எங்கள் ஆயாவுக்குக் குறள் மனப்பாடம், எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுதத் தெரியும், ஆயாவைப்போல வாயில் வராது. உங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வரும் என்றால் அதில் தொடங்குங்கள். ஜி.யு. போப் 1886-இல் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பு இலவசமாகவே கிடைக்கிறது. எதுகைக்காக அவர் படும் பாடு சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும், இருந்தாலும் பக்கத்தில் தமிழை வைத்துக்கொண்டு பார்க்க உதவும்.

ஒரு வழி சொல்கிறேன். நாளைக்கு ஒரு குறள். ஏழே சீர். முதலில் ஆங்கிலத்தில் பொருள், பிறகு தமிழை எழுத்துக்கூட்டி மூன்று முறை வாய்விட்டு. நாற்பதாம் அதிகாரமான கல்வியிலிருந்து நாற்பத்து மூன்றாவதான அறிவுடைமை வரை எடுத்துக்கொண்டால் நாற்பது குறள், நாற்பது நாள். டிசம்பர் 10-ஆம் தேதி தொடங்கினால், ரிசல்ட் வந்த பரபரப்பு அடங்கும்போது முடிந்திருக்கும்.

எந்த மொழிபெயர்ப்பு நல்லது?

முதல் பக்கத்தை இரண்டு மூன்றில் படித்துப் பார்த்து, எதில் மூச்சு முட்டவில்லையோ அது. இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலம், கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பேசும். ‘ஒடிசி’ படிக்க நினைத்தால் எமிலி வில்சன் 2017-இல் வெளியிட்டதை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், மூலத்தில் எத்தனை வரியோ அதிலும் அத்தனை வரி.

பிளேட்டோவில் ஓரத்தில் எண்ணும் எழுத்தும் போட்டிருப்பார்கள். அச்சுப்பிழை என்று ஒருத்தி திருப்பிக் கொண்டுவந்தாள். 1578-இல் வந்த ஒரு பதிப்பின் பக்க எண்கள் அவை. எந்த மொழியில், எந்தப் பதிப்பில் படித்தாலும் அந்த எண் மாறாது. நமக்குக் குறள் எண் எப்படியோ அப்படி.

தத்துவம் படிக்க உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் போகவில்லை. என் மூளை போதாதா?

வேகம்தான் அதிகம். நாவல் படிக்கிற வேகத்தில் தத்துவத்தைப் படிக்க முடியாது, கணக்குப் போடுகிற வேகத்தில்தான் முடியும். ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம் போனால் நன்றாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பென்சிலை எடுத்து மூன்றே மூன்றைத் தேடுங்கள்: இவர் என்ன சொல்கிறார், ஏன் அப்படிச் சொல்கிறார், எதிராளி என்ன சொல்வான். மூன்றாவதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பக்கத்தில் நீங்களும் ஒரு ஆள்.

பழக்கத்துக்கு ஒரு சின்ன வாதம் தருகிறேன், தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இருபத்தேழாம் காதை. கடைசியில் பூதவாதி வருகிறான். கண்ணால் கண்டதை மட்டும்தான் ஒப்புக்கொள்வேன், ஊகித்து அறிவதை ஏற்கமாட்டேன் என்கிறான். மணிமேகலைக்குச் சிரிப்பு வருகிறது. உன் தாயும் தந்தையும் இவர்கள்தான் என்று எதை வைத்து அறிந்தாய், ஊகம்தானே என்று கேட்கிறாள். பூதவாதி இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம்? அவனுக்காக ஒரு பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். டீயும் கடலை மிட்டாயும் தருவேன்.

பிளேட்டோவின் ‘ரிபப்ளிக்’ பத்துப் பகுதி கொண்டது. அதில் தொடங்காதீர்கள். பதினெட்டு வயதில் நான் அதில்தான் தொடங்கினேன், மூன்றாம் பகுதியில் நின்றேன், முழுக்கப் படித்ததாக நான்கு ஆண்டுகள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இணையத்தில் சுருக்கம் இருக்கிறதே? சாட்ஜிபிடியிடம் கேட்டால் பத்து வரியில் சொல்லிவிடுகிறதே?

சொல்லும். பிரியாணி எப்படி இருந்தது என்று கல்யாணத்துக்குப் போய்வந்தவரிடம் கேட்டால்கூடச் சொல்வார். படித்து முடித்த பிறகு, நீங்கள் ஒரு முடிவுக்கு வந்த பிறகு, அதனோடு வாதாடப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

நான் அக்கவுண்டிங் படிக்கப் போகிறேன். எனக்கு எதற்கு இது?

தேவை என்று நிரூபிக்கமாட்டேன். இலக்கியம் படித்தவர் நல்ல தணிக்கையாளர் ஆவார் என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த சில நல்ல தணிக்கையாளர்கள் ஒரு கவிதையும் படித்ததில்லை. உங்களுக்கு ஆசை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆசை இல்லாதவர் என் கராஜுக்கு எதற்கு வந்து நிற்கிறார் என்பது இன்னொரு கேள்வி.

இப்போது விட்டால் எப்போதும் முடியாது என்று பயப்படவும் வேண்டாம். மாணவனாக இருந்தபோது பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏறக்குறைய எதையும் படிக்கவில்லை என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1904-இல் ஜொகன்னஸ்பர்க்கில் டர்பன் ரயில் ஏறும்போது நண்பர் போலக் அவர் கையில் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் ‘அன்டு திஸ் லாஸ்ட்’ நூலைக் கொடுத்தார். கீழே வைக்க முடியவில்லை, இரவு தூக்கமும் வரவில்லை. அந்த ஆண்டிலேயே அவருடைய ஃபீனிக்ஸ் குடியிருப்பு எழுந்தது. அப்போது அவர் சட்டம் படித்து முடித்து, வயது முப்பத்தைந்து. அக்கவுண்டிங் முடித்துவிட்டும் வரலாம் என்று சொல்கிறேன்.

என் மகன் டிசம்பர் முழுக்க சோபாவில் படுத்துப் புத்தகம் படிக்கிறான். ஏதாவது கடையில் வேலைக்கு அனுப்பட்டுமா? (ஒரு தாய்)

அனுப்புங்கள் அம்மா. நானும் கிரே தெருவில் ஒரு துணிக்கடையில் நின்றவள்தான். சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததில் வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு வெளியேறிவிட்டார். முதலாளி திட்டினார், அவர் பக்கம் நியாயம் இருந்தது. வேலையும் நடக்கட்டும், மாலையில் சோபாவும் இருக்கட்டும். ஆனால் ‘சும்மா படுத்திருக்கிறான்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மேலே தத்துவம் பற்றிய பதிலில் நான்கு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் என்று சொன்னேனே, அது வெளியிலிருந்து பார்த்தால் சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும்.

பெரிய ஆள் எழுதியது எனக்குச் சலிப்பாக இருக்கிறது. தப்பு என் மேலா, புத்தகத்தின் மேலா?

இரண்டும் நடக்கும். ஐம்பது பக்கம் கொடுங்கள், நாடகமானால் இரண்டு அங்கம். அதன் பிறகும் இழுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் எது பிடிக்கவில்லை என்று ஒரு வாக்கியம் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். பத்து ஆண்டு கழித்து அதே புத்தகத்தை எடுக்க வந்து, தான் எழுதிய சீட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருக்கிறார்கள். சீட்டில் எழுதியது முற்றிலும் சரி என்று மறுபடி வைத்துவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள்.

சாக்ரடீஸைப் படித்த பிறகு கோயிலில் எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறேன். வீட்டில் சண்டை. என்ன செய்வது?

இது ஒவ்வொரு ஆண்டும் தைப்பூசக் காவடி நெருங்கும்போது, ஜனவரியில் வரும் கேள்வி. பெரும்பாலும் பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான ‘யூதிஃப்ரோ’ படித்தவர்களிடமிருந்து. அதில் சாக்ரடீஸ் கேட்பதை நம் வீட்டுப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: முருகனுக்குப் பிடித்திருப்பதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் முருகனுக்குப் பிடிக்கிறதா? முதலாவது என்றால், நாளைக்கு அவருக்கு வேறொன்று பிடித்தால் அதுவும் நல்லதாகிவிடும். இரண்டாவது என்றால், நல்லது எது என்பதற்கு முருகனுக்கும் மேலே ஓர் அளவுகோல் இருக்கிறது. பதினெட்டு வயதில் இது தலையைச் சுற்றவைக்கும். சுற்றட்டும்.

ஆனால் அந்த உரையாடல் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். முடிவே இல்லை. யூதிஃப்ரோ வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார். கேள்வி கேட்கத் தெரிந்துகொண்டதால் பதில் கிடைத்துவிட்டதாக ஆகாது, உங்களுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. காவடி எடுக்கிற அப்பாவிடம் வாதாட வேண்டுமானால் விரதத்தின் பத்தாம் நாள் பசியோடு இருக்கும்போது வேண்டாம், முடிந்த பிறகு கேளுங்கள். மணிமேகலையையும் நினைத்துக்கொள்ளுங்கள். சமயவாதிகள் எல்லாரும் பேசி முடிக்கும்வரை காதுகொடுத்துக் கேட்டாள்.

அரிஸ்டாட்டில் அடிமைமுறையை நியாயப்படுத்தியவர். கூலிக் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் ஏன் அவரைப் படிக்க வேண்டும்?

வந்த கேள்விகளில் இதுதான் கடினமானது. கேட்டவள் இப்போது சட்டம் படிக்கிறாள். 1860-க்கும் 1911-க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். சிலர் பிறப்பிலேயே பிறருக்கு உழைக்க ஆனவர்கள் என்ற எண்ணம் இல்லாமல் அந்தக் கரும்புத் தோட்டங்கள் ஓடியிருக்காது. அரிஸ்டாட்டிலின் ‘பாலிடிக்ஸ்’ முதல் பகுதியில் அந்த எண்ணம் வாதமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

‘அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்று பலர் சமாதானம் சொல்வார்கள். நம்பாதீர்கள். அடிமைத்தனம் இயற்கையில் இல்லை, மனிதர்கள் வகுத்த சட்டத்தால் வந்தது, ஆகவே அநியாயம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என அதே நூலில் அரிஸ்டாட்டிலே எழுதுகிறார். எதிர்வாதம் அவர் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தும் அடிமைமுறையின் பக்கம் போனார். நூலைப் படிக்காமல் இந்தக் குற்றச்சாட்டை உங்களால் வைக்கவே முடிந்திருக்காது. அதற்காகப் படிக்கச் சொல்கிறேன். வணங்குவதற்காக அல்ல.

இதே கண்டிப்பை நம்மவர்களிடமும் காட்டுங்கள். குறளின் பெண்வழிச்சேறல் அதிகாரத்தை இன்றைக்கு ஒரு பெண் முகம் சுளிக்காமல் படிக்க முடியாது. மேலே இரண்டு இடங்களில் காந்தியைப் பெருமையாகச் சொன்னேன். இந்த நாட்டின் கறுப்பின மக்களைப் பற்றி இளம் காந்தி எழுதியவற்றையும் தேடிப் படியுங்கள். கசக்கும்.

பல்கலைக்கழகம் போனதும் இந்த ஆசை போய்விடுமா?

சிலருக்குப் போய்விடுகிறது, இலக்கியமே பாடமாக எடுத்தவர்களுக்கும்கூட. வாரம் ஒரு நாவல், மாதம் இரண்டு கட்டுரை என்று வரும்போது, படிப்பது மறுபடியும் திருத்தப்படுகிற வேலையாகிவிடுகிறது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு புத்தகம் எப்போதும் பையில் இருக்கட்டும். அதைப் பற்றி யாரிடமும் கட்டுரை எழுதிக் கொடுக்காதீர்கள்.

எடுத்துப்போன பிளேட்டோவில் லிச்சிச் சாறு பட்டுவிட்டது. ஓரத்தில் எழுதியும் தொலைத்துவிட்டேன். திருப்பித் தரலாமா?

தாருங்கள். கறை இல்லாத புத்தகம்தான் எனக்குச் சந்தேகம் தரும். பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள், தேதி போடுங்கள், அடுத்தவருக்கும் இடம் விடுங்கள். அலமாரியில் இருக்கும் பழைய ‘கிரீட்டோ’வில், தப்பிக்க மாட்டேன் என்று சாக்ரடீஸ் சொல்லும் இடத்தில், யாரோ ஒரு பிள்ளை ‘ஏன் ஓடவில்லை?’ என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே வேறொரு கையெழுத்தில் ‘எங்கே ஓடுவது?’. போன ஜனவரியில் மூன்றாவது ஒருவர், மெல்லிய பென்சிலால், ‘அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களே’ என்று சேர்த்திருக்கிறார்.